மச்சத்தை எடுக்கலாமா? அதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கடந்த மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், மகளுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்லரில் லேசர் வைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். முன்பெல்லாம் கூடும், கூடாது என்ற விளக்கத்தை உடனே சொல்லிவிடுவோம். இப்போது அப்படிச் செய்வதில்லை. அவரிடமும் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டோம்: "அந்த மச்சத்தை எந்த டாக்டராவது பார்த்தாரா?"

இப்படிக் கேட்கும் பழக்கம் நமக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டே மற்ற விஷயங்களுக்குப் போக வேண்டும்.

நாம் கேட்கத் தவறிய கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிவாசலில் ஒரு பெரியவர் இருந்தார். ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். ஒருநாள், "குதிகாலில் ஒரு புண். உளூவில் தண்ணீர் பட்டால் எரிகிறது. பிளாஸ்திரி மேல் மஸஹ் செய்தால் போதுமா?" என்று கேட்டார். சட்டத்தை விளக்கினோம். அவரும் திருப்தியோடு போனார்.

அதன்பின் பல மாதங்கள் அவர் அப்படியே உளூ செய்துவந்தார். எப்போதாவது விசாரித்தால், "செருப்புக் கடிதான் ஹஜ்ரத், ஆறிவிடும்" என்பார். அந்த இடத்தில் பல வருடங்களாக ஒரு கறுப்புத் தழும்பு போல இருந்ததும், அது மெல்ல மெல்லப் பெரிதாகிப் புண்ணாக உடைந்ததும் பிறகுதான் தெரியவந்தது. தொடை இடுக்கில் கட்டி தெரிந்த பிறகு அவருடைய மகன் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய். உடலுக்குள் பரவியிருந்தது. அடுத்த ரமளானை அவர் அடையவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. நாம் சொன்ன சட்டத்திலும் பிழையில்லை. ஆனால், "மாதக்கணக்கில் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை.

நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அவருக்குக் குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் கூறினார்கள். இந்த ஹதீஸைப் பல தடவை பாடம் நடத்தியிருக்கிறோம். பெரியவரின் ஜனாஸா தொழுகை நடத்திய அன்றுதான் அது நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது போல இருந்தது.

மச்சம் என்பது என்ன?

நம் தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உண்டு. அவை தோல் முழுவதும் பரவலாக இருக்கும். சில இடங்களில் கூட்டமாகச் சேர்ந்துவிடும்போது அது மச்சமாகத் தெரிகிறது. பெரும்பாலான மச்சங்கள் சிறு வயதிலும் வாலிபத்திலும் தோன்றுபவை. வளர்ந்த ஒருவருக்குப் பத்து முதல் நாற்பது வரை இருப்பது சாதாரணம். பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் அவை சற்றுக் கறுப்பதும் உண்டு. ஏறத்தாழ 100 குழந்தைகளில் 1 குழந்தை பிறக்கும்போதே மச்சத்தோடு பிறக்கிறது. அந்தப் பிறவி மச்சம் மிகப் பெரிதாக, முதுகையோ தொடையையோ மூடும் அளவுக்கு இருந்தால் மட்டும் தொடக்கத்திலேயே டாக்டரின் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

நாம் மச்சம் என்று சொல்லும் எல்லாமே மச்சமும் அல்ல. கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் சிறு சதைத் துணுக்குகளை மரு என்கிறோம். கன்னத்திலும் கண்ணோரத்திலும் மிளகு தூவியது போலச் சிறு கறுப்புப் புள்ளிகள் எழும்பி, உம்மாவுக்கு இருந்தது போலவே மகளுக்கும் வரும். வயதானவர்களின் முதுகில் மெழுகை ஒட்டிவைத்தாற் போலத் தடித்த கறுப்புப் படைகள் இருக்கும். இவை எல்லாமே பெரும்பாலும் தீங்கில்லாதவை. ஆனால் எது எது என்று பிரித்தறிவது தோல் டாக்டரின் வேலை, நம் வேலையல்ல.

நம் நிறத்தவர்கள் எங்கே பார்க்க வேண்டும்?

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அதில் பாதி உண்மை. மெலனோமா வெளுத்த தோலுள்ளவர்களுக்கே அதிகம் வருகிறது, நமக்கு அரிது. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. நம் போன்ற நிறத்தவர்களுக்கு அது வரும்போது, பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகிறது. வெயில் படாத இடங்கள் இவை. அதனால் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் முள் குத்தியது, செருப்புக் கடித்தது, நகம் நசுங்கியது என்று விட்டுவிடுகிறோம்.

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு நடந்ததும் இதுதான். கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் இருந்ததைக் கால்பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே முதலில் நினைத்திருந்தார். 1977இல் அது மெலனோமா என்று தெரியவந்தது. 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 36.

நகத்தில் கறுப்புக் கோடு இருந்தாலே பயப்பட வேண்டும் என்பதல்ல. மாநிறமானவர்களுக்குப் பல விரல்களில் அத்தகைய கோடுகள் இயல்பாகவே இருக்கும். ஒரே ஒரு விரலில் புதிதாகக் கோடு தோன்றி, அது அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டி அடிச் சதைக்கும் இறங்கினாலோ காட்டிவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து வேளை உளூவில் கால் விரல்களின் இடைவெளியைக் கோதிக் கழுவும் சமூகம் நாம். குதிகால் நனைந்ததா என்று கவனிக்கக் கற்றவர்கள். அந்தக் கவனத்தில் மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவிட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் போதும். குனிய முடியாத வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது எப்படியும் தேவையான வழக்கம்தான்.

ஐந்து அடையாளங்கள்

மச்சத்தைப் பார்க்கும்போது டாக்டர்கள் கவனிக்கச் சொல்வது ஐந்து விஷயங்களை.

1. மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாதிருத்தல்.
2. ஓரம் ஒழுங்காக இல்லாமல் மை சிந்தியது போலப் பரவியிருத்தல்.
3. ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் என்று பல நிறம் கலந்திருத்தல்.
4. 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் பின்பக்க ரப்பரை விடப் பெரிதாக இருத்தல்.
5. அளவிலோ நிறத்திலோ வடிவத்திலோ மாறிக்கொண்டே இருத்தல்.

இவற்றில் ஐந்தாவதுதான் மிக முக்கியம். இருபது வருடமாக அசையாமல் இருக்கும் பெரிய மச்சத்தை விட, ஆறு மாதத்தில் மாறிய சிறு மச்சத்தை முதலில் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றுவது, அரிப்பது, ரத்தம் கசிவது, புண்ணாகி வாரக்கணக்கில் ஆறாதது, உடம்பில் உள்ள மற்ற மச்சங்களோடு சேராமல் தனித்துத் தெரிவது ஆகியவையும் அப்படியே. வயதானவர்களின் முகத்தில் மூக்கோரம், கண்ணோரம் பளபளப்பாக மெல்ல வளரும் கறுப்புப் பருவும் வேறொரு வகைத் தோல் புற்றாக இருக்கலாம். அது உடலெங்கும் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டால் அந்த இடத்தை அரித்துவிடும்.

நினைவில் வைத்திருக்க முடியாது என்பவர்கள் மச்சத்தின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வீட்டுப் பெண்களின் படங்கள் வீட்டாரைத் தவிர வேறெவர் கைக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம்.

சுண்ணாம்பும் லேசரும்

சுண்ணாம்பையும் சோடா உப்பையும் குழைத்து வைப்பது, ஆசிட் தொட்டு வைப்பது, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது என்று நம் வீடுகளில் பல கைவைத்தியங்கள் உண்டு. இவற்றால் தோல் வெந்து, சீழ் வைத்து, மச்சத்தை விட அசிங்கமான வடு மிஞ்சியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பெரிய ஆபத்து அதுவல்ல. மேலே தெரிந்த கறுப்பு எரிந்துபோகும். அடியில் கெட்ட அணுக்கள் இருந்தால் அவை அங்கேயே இருந்து வளரும். வெளி அடையாளமும் போய்விட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது.

பார்லரில் வைக்கும் லேசரிலும் இதே ஆபத்து உண்டு. லேசர் மச்சத்தைப் பொசுக்கிவிடுகிறது. பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. தோல் டாக்டர்களும் லேசர், மின்சூடு போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது தீங்கில்லாதது என்று பரிசோதித்து உறுதியான பிறகே செய்வார்கள். சந்தேகமுள்ள மச்சத்தைப் பொசுக்கக் கூடாது. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

"கத்தி பட்டால் புற்றுநோயாகிவிடும்" என்பது நம் ஊர்களில் வேரூன்றிய இன்னொரு பயம். சாதாரண மச்சத்தை வெட்டுவதால் அது புற்றாக மாறுவதில்லை. ஏற்கெனவே முற்றிய நிலையில் போய், வெட்டிய பிறகு நோய் தெரியவந்தவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே முழுதாக நீக்கப்பட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

டாக்டரிடம் என்ன நடக்கும்?

தோல் நோயில் மேற்படிப்பு முடித்தவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. அங்கே காட்டுவதற்குக் கட்டணம் இல்லை. டெர்மாஸ்கோப் என்ற கையடக்கக் கருவியைத் தோலில் வைத்து, வெறும் கண்ணுக்குத் தெரியாத நிறப் பின்னலைப் பெரிதாக்கிப் பார்ப்பார். வலி இருக்காது. பெரும்பாலானவர்களிடம் "இது ஒன்றுமில்லை, போங்கள்" என்றுதான் சொல்லி அனுப்புவார்.

எடுக்க வேண்டியிருந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. சாதாரண மச்சம் தோலுக்கு மேல் புடைத்திருந்தால் மேலோடு சீவி எடுப்பதும் உண்டு. சந்தேகமுள்ளதைச் சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு ஆழமாக வெட்டி எடுத்துத் தையல் போடுவார்கள். பொதுவாக அரை மணி நேர வேலை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். முகத்துத் தையலை ஒரு வாரத்துக்குள்ளும், கை கால் முதுகில் உள்ளதை இரண்டு வாரத்துக்குள்ளும் பிரிப்பார்கள்.

போகும்போது சில விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை நோய் இருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பவை முக்கியம். காது குத்திய இடமோ பழைய காயமோ தடித்துத் தழும்பேறிய வழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் தோலில், குறிப்பாக நெஞ்சிலும் தோளிலும், அப்படித் தழும்பு ஏறுவது சகஜம்.

வரும்போது ஒன்றைக் கேட்டு வாருங்கள்: "எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்புகிறீர்களா? ரிப்போர்ட் எப்போது வரும்?" ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துக் காட்டச் சொல்லி, வீட்டில் பத்திரமாக வையுங்கள். எடுத்தாயிற்று என்று ரிப்போர்ட் வாங்கப் போகாமல் இருந்துவிடுபவர்கள் நம்மில் அதிகம். நோய் என்று வந்துவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுகிறோமா என்ற அச்சம் ஈமானிலிருந்து வருவது, அதை மதிக்கிறோம். அழகுக்காகப் பச்சை குத்துபவர்களையும் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்குபவர்களையும் கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. இயல்பாக இருப்பதை அழகுக்காகவே மாற்றுவதைப் பற்றியது அது. நோயையும் குறையையும் நீக்குவது வேறு.

போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தியிருந்தார்கள். அது துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியிலும் அபூதாவூதிலும் வருகிறது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்ற நிலையிலும் இந்த அனுமதி கிடைத்தது. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், பிறவியிலோ பிறகோ ஏற்பட்ட குறையைச் சரிசெய்யும் சிகிச்சையை அனுமதித்தது. தேவையின்றித் தோற்றத்தை மாற்றுவதைத் தடுத்தது.

ஆகவே சந்தேகமுள்ள மச்சத்தை எடுப்பது சிகிச்சை. அதில் தயக்கமே வேண்டாம். உறுத்தும், சவரத்தில் வெட்டுப்படும், பார்ப்பவர்கள் முகம் சுளிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும் மச்சத்தை எடுப்பதும் குறையை நீக்குவதில் சேரும். ஒரு குறையுமில்லாத சிறு மச்சத்தை, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று எடுக்கப் போவது தேவையற்றது.

இதற்கு நேர்மாறாக, "அதிர்ஷ்ட மச்சம், கை வைக்காதே" என்று மச்ச பலன் பார்த்து நோயை மறைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். நன்மையும் தீமையும் மச்சத்தில் இல்லை. அந்த நம்பிக்கைக்கு நம் மார்க்கத்தில் இடமும் இல்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. முதுகிலோ தொடையிலோ இருப்பதைக் காட்ட வெட்கப்பட்டு நாட்களைக் கடத்தாதீர்கள். பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடமே காட்டுங்கள். கிடைக்காத நிலையில், மஹ்ரமோ இன்னொரு பெண்ணோ உடனிருக்க, தேவையான இடத்தை மட்டும் ஆண் டாக்டரிடம் காட்ட அனுமதி உண்டு. இதை உங்கள் வீட்டு ஆண்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டுப் போட்ட பின் உளூ

டாக்டர் தண்ணீர் படக் கூடாது என்றால் படக் கூடாது. ஹனஃபி மத்ஹபில் மற்ற உறுப்புகளைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் மஸஹ் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் மஸஹுடன் தயம்மும் செய்ய வேண்டும். கட்டுப் போடும்போது உளூ இருந்ததா, கட்டு எந்த உறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில நிலைகளில் தொழுகையைப் பின்னர் மீட்டவும் வேண்டிவரும். ஆகவே ஷாஃபிஈகள் உளூவோடு சிகிச்சைக்குப் போவது நல்லது. விவரத்தை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரத்துப்போகச் செய்யும் ஊசியால் நோன்பு முறியாது.

அந்தச் சகோதரர் மகளைத் தோல் டாக்டரிடம் அழைத்துச் சென்றார். ஒன்றுமில்லாத சாதாரண மச்சம் என்று சொன்னார்களாம். மகளும், "அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டும் அத்தா" என்று சொல்லிவிட்டாராம். நமக்கு நிம்மதியாக இருந்தது.

இன்று இரவு வீட்டில் உள்ள பெரியவர்களின் கால்களை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நம்மைப் போன்ற இமாம்களிடம் சட்டம் கேட்க வருபவர்களிடமும், காயம் என்று சொன்னால், டாக்டரிடம் காட்டினீர்களா என்று நாங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் நினைவூட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தையும், நோயை உரிய நேரத்தில் அறியும் கவனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.